ஞாயிற்றுக்கிழமை வோல்டேஜ்

இதை எழுத உட்கார்ந்து இன்றோடு ஐந்து நாள் ஆகிறது. ஒரு பத்தி எழுதுவேன், எழுந்துவிடுவேன். பால்கனிக்குப் போவேன். திரும்பி வந்து ஃபிரிட்ஜுக்கு மேலே இருக்கும் ஸ்டெபிலைசரின் முள்ளைப் பார்ப்பேன். இருநூற்று முப்பத்தி இரண்டு. மறுபடி உட்கார்வேன். ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. இன்னமும் ஒரு முள்ளைப் பார்த்தால் எண்ணைப் படிக்காமல் தாண்ட முடியவில்லை.

ஃபர்ஹானா ஃபோன் செய்ததுதான் காரணம். மருத்துவமனையின் மின் பராமரிப்புப் பிரிவில் நான் இருந்த நாற்காலியில் இப்போது அவள் இருக்கிறாள்.

"மேடம், எல்லாத்தையும் டேப்லெட்ல ஏத்தியாச்சு. வோல்ட், ஆம்பியர், வாட் எல்லாம் மெஷினே காட்டிடுது. ஸ்டோர்ல பழைய ரீடிங் புக்கு ஒரு பீரோ முழுக்க கிடக்கு. பழைய பேப்பருக்குப் போடச் சொல்லிட்டாங்க. அதுக்கு முன்னாடி நீங்க உங்க அனுபவத்த எழுதிக் குடுங்களேன். சங்க மலர்ல போடுறோம். ஜாலியா ரெண்டு சம்பவம் போதும்."

சரி என்று சொல்லிவிட்டேன். ஜாலியான சம்பவம் ஒன்று இருக்கிறது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் கலாவதி. டிப்ளமா முடித்து, பாலக்கரையில் ஒரு மோட்டார் காயில் கட்டும் கடையில் ஒன்றரை வருடம் இருந்து, பிறகு திருச்சியின் ஒரு தனியார் மருத்துவமனையில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்தேன். அதன் பெயர் வேண்டாம். அந்தப் பிரிவில் நான்தான் முதல் பெண். ஏணி ஏறச் சொல்ல அவர்களுக்குச் சங்கடம், சும்மா உட்கார வைக்கவும் சங்கடம். அதனால் புகார் புத்தகத்தை என்னிடம் கொடுத்துவிட்டார்கள். எந்த வார்டில் எந்த ஃபேன் சுற்றவில்லை என்று எழுதி வாங்குவது என் வேலை.

மூன்றாம் மாதம் கேன்டீன் மாஸ்டர் வந்து சத்தம் போட்டார். இட்லிக் கொப்பரை இரண்டு நாளாகச் சரியாகக் கொதிக்கவில்லை. இரண்டு பேர் போய்ப் பார்த்து, கரண்ட் வருகிறது, ஹீட்டர் சுடுகிறது, மாவில்தான் கோளாறு என்று சொல்லிவிட்டு வந்தார்கள். நான் சும்மா இருக்க முடியாமல் போய் ஆம்பியரை அளந்தேன். இரண்டாயிரம் வாட் ஹீட்டர் எட்டு ஆம்பியருக்கு மேல் இழுக்க வேண்டும். நாலு சொச்சம்தான் இழுத்தது. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் வருவது ரெசிஸ்டன்ஸ், அதாவது கம்பி கரண்டைத் தடுக்கும் அளவு. இருபத்தாறு ஓம் வர வேண்டிய இடத்தில் ஐம்பத்து மூன்று வந்தது. சரியாக இரண்டு மடங்கு. உள்ளே இரண்டு கம்பிகள் பக்கம் பக்கமாக இருந்தன. அதில் ஒன்று அறுந்துவிட்டது, மற்றது ஒற்றை ஆளாகச் சுட்டுக்கொண்டிருந்தது. மாவில் கோளாறில்லை என்று நான் எழுதிக் கொடுத்த சீட்டை மாஸ்டர் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருந்தார். அன்றிலிருந்து எனக்கு டெஸ்ட் போர்டைத் தூக்கும் உரிமை வந்தது.

ஜாலி இவ்வளவுதான், ஃபர்ஹானா. மிச்சத்தைச் சொல்ல இத்தனை வருடம் வாய் வரவில்லை.

எங்கள் சூப்பர்வைசர் வைத்தியலிங்கம் சார். ஒல்லியான மனிதர். சட்டைக் காலருக்கு உள்ளே மடித்த கைக்குட்டை, காதில் பென்சில். அவர் ஒரு ஹீட்டரை அளக்கும் விதம் எனக்கு இன்னும் அப்படியே கண்ணில் இருக்கிறது. டெஸ்ட் போர்டு என்பது பலகையில் பதித்த இரண்டு மீட்டர்தான். ஒன்று வோல்ட், ஒன்று ஆம்பியர். ஹீட்டரை அதன் வழியாகப் போட்டுவிட்டுப் பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். கம்பி பழுத்து நிலைக்கு வர வேண்டும். பிறகு வோல்ட்டைப் படிப்பார், ஆம்பியரைப் படிப்பார், மறுபடி வோல்ட்டைப் படிப்பார். முதல் வோல்ட்டும் கடைசி வோல்ட்டும் ஒன்றாக இல்லையென்றால் அந்த அளவை அடித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார். பென்சிலில் எழுதுவார். வோல்ட்டை ஆம்பியரால் வகுப்பார், ரெசிஸ்டன்ஸ். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்குவார், வாட். அதோடு விடமாட்டார். ஆம்பியரை ஆம்பியரால் பெருக்கி, அதை ரெசிஸ்டன்ஸால் பெருக்கி வாட்டை இன்னொரு வழியிலும் எடுப்பார்.

"ரெண்டு வழியில போயி ஒரே ஊருக்கு வந்து சேரணும்மா. சேந்தாதான் வழி சரி" என்பார். சேர்ந்த பிறகுதான் பென்சிலில் எழுதியதற்கு மேலே பேனா.

அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. தப்பு செய்தால் புத்தகத்தை நம் பக்கம் திருப்பி வைப்பார், அவ்வளவுதான். அதற்குத்தான் எல்லோரும் பயந்தோம்.

நான் சேர்ந்து பன்னிரண்டு வருடம் ஆன பிறகு நடந்தது இது. அந்த வருடம் வெயில் காலத்தில் வோல்டேஜ் மிகவும் குறைந்துபோனது. மருத்துவமனைக்குப் பின்னால் இரண்டு தெரு முழுக்க வெல்டிங் பட்டறைகளும் லேத் பட்டறைகளும். காலை ஒன்பது மணிக்கு அவர்கள் ஆரம்பித்தால் எங்களுக்கு முள் கீழே இறங்கும். எக்ஸ்ரே பாதியில் நின்றது. லிஃப்ட் இரண்டு முறை நடுவழியில் நின்றது. எங்கள் டிரான்ஸ்பார்மரின் பக்கவாட்டில் ஒரு கைப்பிடி உண்டு, டேப் என்போம். ஒரு படி திருப்பினால் வெளியே வரும் வோல்டேஜ் கொஞ்சம் ஏறும். சார் மூன்று படி ஏற்றச் சொன்னார். மின்சாரத்தை முழுக்க நிறுத்திவிட்டு நான்தான் திருப்பினேன். கைப்பிடி விறைப்பாக இருந்தது, இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினது நினைவிருக்கிறது. மறுநாள் காலை பத்து மணிக்கு அளந்தோம். இருநூற்று இருபத்து நான்கு. எக்ஸ்ரே ஓடியது, லிஃப்ட் ஓடியது, எல்லோரும் கைகொடுத்தார்கள்.

தினமும் காலை பத்து மணிக்கு வோல்டேஜ் எழுதுவோம். ஞாயிற்றுக்கிழமைக் கட்டம் காலியாக இருக்கும். அன்றைக்குப் பராமரிப்புக்காரர்களுக்கு லீவு. அவசரத்துக்கு ஒரு ஆள் மட்டும்.

குழந்தைகள் வார்டில் மலர்விழி சிஸ்டர் இருந்தார். உறையூர்க்காரர். குறைமாதக் குழந்தைகளைச் சூட்டில் வைக்கும் வார்மர் இரண்டு அங்கே உண்டு. மெத்தைக்கு மேலே ஒரு ஹீட்டர் கம்பி, லோ, மீடியம், ஹை என்று மூன்று சுவிட்ச், அவ்வளவுதான் அந்தக் கால வார்மர். இப்போது இருப்பதுபோலக் குழந்தையின் தோல் சூட்டைப் பார்த்துத் தானாகக் குறைத்துக்கொள்ளாது. சிஸ்டர் குழந்தையைப் படுக்க வைப்பதற்கு முன்னால் தன் புறங்கையை அந்த இடத்தில் ஒரு நிமிடம் வைத்துப் பார்ப்பார்.

அவர் புகார் புத்தகத்தில் எழுதினார்: 'ரெண்டாம் நம்பர் வார்மர் லீவு நாளில் அதிகம் சுடுகிறது.'

நான் போய் அளந்தேன். எண்பத்தெட்டு ஓம். கம்பி சரியாக இருந்தது. வாட் ஐநூற்று அறுபத்து ஒன்பது. அறுநூறு வாட் என்று தகட்டில் போட்டிருந்ததற்கு அது குறைவுதான்.

"சரியாத்தான் இருக்கு சிஸ்டர்."

"இப்ப சரியாத்தான் இருக்கு கலா. நேத்து இல்ல. நேத்து என் கையி தாங்கல."

"உங்க கைக்குக் கிழமை தெரியுமா சிஸ்டர்?" என்றேன். பக்கத்தில் இருந்த இரண்டு நர்ஸ்கள் சிரித்தார்கள். சிஸ்டரும் சிரித்தார். 'செக்டு, ஓகே' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பிறகு அவர் இன்னும் இரண்டு முறை எழுதினார். இரண்டு முறையும் அதே பதிலை எழுதினேன்.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அந்த இரண்டாம் நம்பர் வார்மரில் இருந்த ஒரு பெண் குழந்தைக்குச் சூடு தாக்கிவிட்டது. பிறந்து ஆறு நாள். தொட்டியத்துப் பக்கம் வாழை விவசாயம் செய்யும் குடும்பம். மலர்விழி சிஸ்டர் பக்கத்து அறையில் இன்னொரு குழந்தைக்கு மூச்சுத் திணறல் என்று ஓடியிருந்தார். திரும்பி வந்தபோது குழந்தையின் முகமும் கையும் காலும் சிவந்து, காய்ச்சல் கொதித்து, உடம்பில் நீரே இல்லாமல் துவண்டு கிடந்தது. உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் சொல்ல இரண்டு நாள் ஆனது.

திங்கட்கிழமை காலை சாரும் நானும் வார்மரை அளந்தோம். பத்து நிமிடம் நின்றோம். எண்பத்தெட்டு புள்ளி இரண்டு ஓம். இரண்டு வழியிலும் ஐநூற்று அறுபத்து ஒன்பது வாட். சார் பேனாவால் எழுதினார்: கருவியில் குறையில்லை. கருவியில் குறையில்லை என்றால் குறை எங்கே? சிஸ்டர் சுவிட்சை மீடியத்தில் வைக்க மறந்து ஹையில் விட்டுவிட்டார் என்று பேச்சு. அவர் ஹையில்தான் வைத்தேன், டாக்டர் எழுதியதும் ஹைதான் என்றார். சீட்டில் டாக்டர் எழுதியிருந்தது தெளிவாக இல்லை. செவ்வாய்க்கிழமை அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை வீட்டுக்குப் போகாமல் புகார் புத்தகத்தைப் புரட்டினேன். ஏன் புரட்டினேன் என்று தெரியவில்லை. கை சும்மா இருக்கவில்லை. சிஸ்டர் எழுதிய மூன்று புகாரின் தேதிகளையும் காலண்டரில் பார்த்தேன். இரண்டு, ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் எழுதியவை. மூன்றாவது ஆகஸ்ட் பதினாறு. அதற்கு முந்தின நாள் சுதந்திர தினம். லீவு நாள் என்று அந்த அம்மாள் எழுதியது அப்படியே உண்மை. லீவு நாள் என்று ஒரு கம்பிக்கு எப்படித் தெரியும்? அன்றிரவு தூங்கினேன் என்று சொல்ல முடியாது.

புதன்கிழமை ஆயுத பூஜை. பூஜைக்காகக் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தேன். பட்டறைத் தெருவில் வாசலுக்கு வாசல் வாழைக்கன்று கட்டி, ஷட்டரில் சந்தனம் தடவி வைத்திருந்தார்கள். ஒரு கிரைண்டர் சத்தம் இல்லை, ஒரு வெல்டிங் பொறி இல்லை. அந்த அமைதியில் நடந்துகொண்டிருந்தவள் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். பிறகு ஓடினேன். செருப்பு அறுந்தது, கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

பேனல் ரூமில் மெயின் வோல்ட் மீட்டரைப் பார்த்தேன். மூன்று ஃபேஸுக்கு நடுவே, அதாவது மூன்று மெயின் கம்பிகளுக்கு இடையே, நானூற்றுப் பதினைந்து காட்ட வேண்டிய முள் நானூற்று ஐம்பத்தேழில் நின்றது. பட்டறைகள் ஓடும் நாளில் இறங்கும் வோல்டேஜுக்காக நாங்கள் ஏற்றி வைத்த டேப், பட்டறைகள் ஓடாத நாளில் அப்படியே மேலே தூக்கிக்கொண்டு போயிருந்தது. என் இரண்டு கையாலும் திருப்பியது.

எங்கள் அறையில் சார் வேட்டி கட்டிக்கொண்டு பூஜையை முடித்திருந்தார். மேஜை முழுக்க ஸ்பேனர், பிளையர், மெகர், எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். நடுவே டெஸ்ட் போர்டு, அதற்கு ஒரு தனி மாலை. பூஜையில் வைத்த கருவியை விஜயதசமி வரை யாரும் தொடக் கூடாது. சார் அதில் மிகவும் கண்டிப்பு.

"வாம்மா, பொரி எடுத்துக்க. செருப்பு என்ன கையில?"

"சார், டெஸ்ட் போர்டு வேணும்."

"நாளைக்கு எடுக்கலாம்."

"நாளைக்குப் பட்டறை தொறந்துடுவாங்க சார்."

அவர் என்னைப் பார்த்தார்.  ஜன்னல் பக்கம் திரும்பி, பின்தெருவில் சத்தம் எதுவும் இல்லாததைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னை விலகச் சொல்லிவிட்டு, மாலையை எடுத்து ஓரமாக வைத்து, போர்டை அவரே தூக்கினார். வோல்ட் மீட்டரின் கண்ணாடியில் இருந்த சந்தனத்தைக் காலர் கைக்குட்டையால் துடைத்தார்.

வார்மர் ஸ்டோர் ரூமில் இருந்தது. போட்டோம். பத்து நிமிடம் நின்றோம். கம்பி செக்கச் செவேல் என்று பழுத்தது. நான் மெத்தை மேல் புறங்கையை வைத்தேன். ஒரு நிமிடம் வைத்திருக்க முடியவில்லை, எடுத்துவிட்டேன்.

வார்மருக்கு வரும் ஒற்றை ஃபேஸில் வோல்ட் இருநூற்று அறுபத்து நான்கு. ஆம்பியர் இரண்டு புள்ளி ஒன்பது ஒன்பது. மறுபடி வோல்ட், இருநூற்று அறுபத்து நான்கு. சார் காதிலிருந்து பென்சிலை எடுத்தார். வகுத்தார், எண்பத்தெட்டு புள்ளி மூன்று. ரெசிஸ்டன்ஸ் மாறவே இல்லை. அதைத்தான் மூன்று முறையும் பார்த்து ஓகே என்று எழுதியிருந்தேன். பிறகு பெருக்கினார். எழுநூற்று எண்பத்து ஒன்பது வாட். இன்னொரு வழியிலும் பெருக்கினார். எழுநூற்று எண்பத்து ஒன்பது.

வோல்ட் ஏறினால் கூடவே ஆம்பியரும் ஏறும். ஏறின இரண்டையும் பெருக்கினால் வருவது வாட். அதனால் வோல்ட் ஆறில் ஒரு பங்கு ஏறினால் சூடு மூன்றில் ஒரு பங்குக்கு மேலே ஏறிவிடுகிறது. அந்தக் குழந்தையின் தலைக்கு மேலே நாங்கள் அளந்ததைவிட இருநூற்று இருபது வாட் கூடுதலாக எரிந்திருக்கிறது. அறுபது வாட் பல்பு மூன்றரைக்கு மேல்.

சார் பேனாவை எடுக்கவில்லை. பென்சில் எழுத்தோடு புத்தகத்தை மூடினார். அன்று மத்தியானமே ஜெனரேட்டரில் ஆஸ்பத்திரியை ஓடவிட்டு, டேப்பை மூன்று படி இறக்கினோம். நான்தான் திருப்பினேன். யாரும் அதைப் புத்தகத்தில் எழுதவில்லை.

வியாழக்கிழமை சார் ஒரு அறிக்கையை என் முன்னால் வைத்தார். விடுமுறை நாட்களில் வெளியிலிருந்து வரும் மின்சாரத்தில் வோல்டேஜ் ஏற்றம் காணப்பட்டது, அதனால் வார்மர் கூடுதலாகச் சுட்டிருக்கிறது, பணியாளர் தவறில்லை. டேப் என்ற சொல் அதில் இல்லை.

"டேப்பு சார்?"

"எறக்கியாச்சு."

"அது எழுதல..."

"நர்ஸம்மா மேல தப்பில்லன்னு ஆயிடும். குழந்தை நல்லாருக்கு. எல்லா வார்மருக்கும் ஸ்டெபிலைசர் கேட்டிருக்கேன். இதுக்கு மேல எழுதி யாருக்கு என்னம்மா ஆகப் போகுது?"

 கையெழுத்துப் போட்டேன். யாரும் என் கையைப் பிடித்துப் போட வைக்கவில்லை. நான் பயந்தேன் என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை விசாரணையில் மலர்விழி சிஸ்டரைத் திரும்ப வேலைக்கு வரச் சொன்னார்கள். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் எழுந்தேன். பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் நின்றேன். காவிரிப் பாலத்தில் பஸ் நின்ற ஒரு நாள், இறங்கிப் பாலத்தின் மிச்சத்தை நடந்தே கடந்தேன். இரண்டு வாரம் இப்படி ஓடியது. ஒரு மாலை வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏறாமல் உறையூர் பஸ்ஸில் ஏறினேன்.

சிஸ்டர் மறுநாளுக்கான யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"வாங்க கலா. என்ன இவ்ளோ தூரம்?"

எல்லாவற்றையும் சொன்னேன். டேப் என்றால் என்ன என்று கேட்டார், சொன்னேன். யார் திருப்பியது என்று கேட்டார், சொன்னேன்.

"அப்ப என் கையி சொன்னது சரிதான்" என்றார்.

"சரிதான் சிஸ்டர்."

"மூணு தடவ எழுதுனேன் கலா. மூணு தடவயும் ஓகேன்னு போட்டது உங்க கையெழுத்து. நான் அதைப் பாத்துட்டு, வயசாகுது, நமக்குத்தான் கையி மரத்துப்போச்சோன்னு நெனச்சேன் தெரியுமா? அதுக்கப்புறம் கைய வெச்சுப் பாக்கறதையே விட்டுட்டேன். அன்னிக்கி நான் கைய வெச்சுப் பாக்கல."

அவர் அழவில்லை. சட்டையை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"மன்னிப்பெல்லாம் எங்கிட்ட கேக்காதீங்க. எனக்கு வேலை கெடச்சிருச்சு. அந்தப் புள்ள வீட்டுல யாராவது போயி சொன்னாங்களா?"

"தெரியல சிஸ்டர்."

"சொல்லியிருக்க மாட்டாங்க. என்னை நிறுத்தின அன்னிக்கி நான் பையை எடுத்துக்கிட்டு வெளிய வரேன், அந்தப் பொண்ணு, புள்ளையோட அம்மா, சத்யா, ஓடி வந்து என் கையப் புடிச்சுக்கிச்சு. திட்டப்போவுதுன்னு நெனச்சேன். 'மன்னிச்சுக்கங்க சிஸ்டர்'னு சொல்லி அழுதுச்சு. அது எதுக்கு எங்கிட்ட மன்னிப்பு கேக்கணும்? இன்னிக்கி வரைக்கும் எனக்குப் புரியல. போயி என்னன்னு கேளுங்க."

மறுநாள் காலை முதல் வேலையாக ரீடிங் புக்கை எடுத்தேன். சாரின் பென்சில் எழுத்து அப்படியே இருந்தது. அதன் மேல் பேனாவால் எழுதினேன். அதற்குக் கீழே, வெயில் காலத்தில் டேப்பை மூன்று படி ஏற்றியது நான், விடுமுறை நாளில் அளக்காமல் விட்டது நாங்கள், மூன்று புகாரையும் தள்ளியது நான் என்று எழுதித் தேதி போட்டேன். புத்தகத்தைச் சாரின் பக்கம் திருப்பி வைத்தேன்.

அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார்.

"ஏத்தச் சொன்னது யாருன்னு எழுதலியே."

"அதை நான் எழுத முடியாது சார்."

 அவர் பேனாவைத் திறந்து ஒரு வரி எழுதினார். 'ஏற்ற உத்தரவிட்டது நான்.' கையெழுத்துப் போட்டு, புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, நிர்வாகி அறைக்குப் படியேறிப் போனார். எங்கள் இருவருக்கும் மெமோ வந்தது. ஓய்வு பெறும் வரை அவர் என்னோடு வேலை விஷயம் தவிர ஒரு வார்த்தை அதிகமாகப் பேசவில்லை. அது எனக்கு வலித்தது. இப்போதும் வலிக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சத்திரம் பஸ் நிலையத்தில் தொட்டியம் பஸ் ஏறினேன். முசிறி தாண்டியதும் இரண்டு பக்கமும் வாழை. இறங்கி விசாரித்துப் போனேன். ஓட்டு வீடு. உள்ளே மாமியார் கட்டிலில் உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்திருந்தார். சத்யா அடுப்பங்கரை நிலைப்படியில், குழந்தை தெரியும் தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். இருபது வயதுக்கு மேல் இருக்காது.

ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறேன் என்றதும் அவள் எழுந்து நின்றாள்.  என்னைக் கொல்லைப் பக்கம் அழைத்துப் போனாள்.

"அக்கா, கண்டுபுடிச்சிட்டாங்களா?"

"எதைம்மா?"

"நான்தான்க்கா. அன்னிக்கி பாக்க விட்டப்ப, மேல ஒரு துணியும் இல்லாம கெடந்துச்சா, பாக்கவே மனசு கேக்கல. சிஸ்டரு இல்லாத நேரம் எங்கம்மா குடுத்த சால்வைய போத்திட்டு வந்துட்டேன். நெஞ்சுக்கும் வயித்துக்கும். அப்பறம் வந்து பாத்து பயந்து, யாரும் பாக்கறதுக்குள்ள எடுத்துட்டேன். அதான் சூடு அமுக்கிடுச்சு. எங்க வூட்டுல தெரிஞ்சுபோச்சு. அன்னிலேந்து புள்ளைக்குப் பால் குடுக்க மட்டுந்தான் எங்கிட்ட தராங்க. அந்த சிஸ்டருக்கு என்னாலதானே வேலை போச்சு?"



"குழந்தைக்கு எங்கெங்க செவந்திருந்துச்சு சத்யா?"

"மொகம், கையி, காலு."

"நெஞ்சுல? வயித்துல?"

"அங்க ஒண்ணும் ஆகலக்கா."

"அந்த மெஷினோட சூடு வெயில் மாதிரி மேலேருந்து நேரா எறங்கறது. நடுவுல துணி இருந்தா துணியிலதான் படும். நீ போத்துன எடத்துலதான் உம் புள்ளைக்கு ஒண்ணும் ஆகல."

அவள் நம்பவில்லை. என் முகத்தையே பார்த்தாள். நான் டேப்பையும் வோல்டேஜையும் சொன்னேன். எந்த அளவுக்குப் புரிந்ததோ தெரியாது. "ஏத்தி வெச்சது நான், என் கையால" என்று சொன்னது மட்டும் புரிந்தது.

"இதை அவங்ககிட்ட நீங்களே சொல்லுங்கக்கா. நான் சொன்னா எடுபடாது."

அவள் கணவர் வாழைக்குத் தண்ணீர் கட்டப் போயிருந்தார். ஒரு மணி நேரம் காத்திருந்தேன். அந்த ஒரு மணி நேரம் எப்படியோ உட்கார்ந்திருந்தேன். அவர் வந்து, சேற்றுக் காலோடு வாசலில் நின்றபடியே கேட்டார். மாமியார் கட்டிலில் இருந்தபடி கேட்டார். முதலிலிருந்து கடைசி வரை சொன்னேன். பட்டறை, டேப், நான் ஓகே என்று எழுதிய மூன்று தடவை, சால்வை.

"இதச் சொல்ல ஒரு மாசமா உங்களுக்கு?" என்று அவர் கத்தினார். "எம் பொண்டாட்டிய இந்தத் தெருவே பேசிச்சு! நானும் பேசுனேன்! எந்திரிச்சுப் போயிருங்க!"

எழுந்தேன். அவர் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். அப்போது கட்டிலில் இருந்து மாமியார் எழுந்தார்.  மகனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. நிலைப்படியில் நின்றுகொண்டிருந்த சத்யாவிடம் போய், தூங்குகிற குழந்தையைத் தலை ஆடாமல் அவள் கையில் வைத்தார். பால் குடிக்கும் நேரம் இல்லை அது.

சத்யா குழந்தையை வாங்கிக்கொண்டு அங்கேயே, நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.